வேற்றுகிரகவாசிக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

1972ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி பீப்பிள்' என்றொரு படம் ஒளிபரப்பானது. தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படம். ஓடும் நேரம் ஒன்றேகால் மணிதான். மலைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இளம் ஆசிரியை ஒருவர் வேலைக்கு வருகிறார். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். ஆனால் ஓடுவதில்லை, குதிப்பதில்லை, கூச்சல் போட்டு விளையாடுவதில்லை. நடக்கும்போதுகூடக் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்தே நடக்கிறார்கள். பெரியவர்கள் ஏதோ கண்டிப்பு என்ற பெயரில் பிள்ளைகளை வாட்டுகிறார்கள் என்று ஆசிரியை மனம் குமுறுகிறார். உண்மை வேறு. காலைத் தரையிலிருந்து எடுத்தால் அந்தப் பிள்ளைகள் மிதக்கத் தொடங்கிவிடுவார்கள். அழிந்துபோன ஒரு கிரகத்திலிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வந்த புதிதில் பூமியில் இருந்தவர்கள் அவர்களைச் சூனியக்காரர்கள் என்று சொல்லிக் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் மலைக்குள் ஒதுங்கி, பிள்ளைகளுக்கு முதல் பாடமாகக் காலைத் தேய்த்து நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

படத்தை இயக்கியவர் ஜான் கார்ட்டி. தயாரிப்பின் பின்னால் நின்றவர் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா. 'தி காட்ஃபாதர்' வெளியானது அதே ஆண்டு மார்ச்சில்தான். கதை ஸெனா ஹெண்டர்சனுடையது. அவர் அரிசோனாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அந்த நாட்டு அரசு முகாம்களில் அடைத்து வைத்ததல்லவா, அப்படி ஒரு முகாமின் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர். முகத்தைப் பார்த்தே எதிரி என்று முடிவு கட்டிய ஒரு காலத்தை வகுப்பறைக்குள் நின்று பார்த்த பெண், பிறகு முகத்தில் எந்த வேறுபாடும் இல்லாத வேற்றுகிரகவாசிகளைப் பற்றி எழுதினார்.

காலைத் தேய்த்து நடக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும் தமிழருக்குத் தமயந்தி நினைவுக்கு வருவாள். சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருவெடுத்துத் தேவர்கள் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் அச்சாக ஒரே மாதிரி. இவர்களில் மண்ணில் பிறந்தவன் யார்? கண் இமைக்கிறதா, பாதம் தரையில் படுகிறதா, கழுத்தில் கிடக்கும் மாலை வாடுகிறதா என்று பார்த்து அவள் நளனைக் கண்டுபிடிக்கிறாள். புகழேந்தியின் நளவெண்பாவில் இந்த இடம் வரும்போது தமிழாசிரியர்கள் குரலை உயர்த்துவது வழக்கம். மனித உருவில் மறைந்திருக்கும் வேற்றுலகத்தவரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்குத் தமிழில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பரிசோதனை முறை இருந்திருக்கிறது. பெரிய புராணத்தில் சிவனடியாராக வேடம் பூண்டு வந்து இயற்பகையாரிடம் மனைவியைக் கேட்டவரும், சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டவரும் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. 1979இல் துரை இயக்கிய 'நீயா'வில் நாகம் பெண்ணுருவில் மனிதர்களோடு கலந்து பழிவாங்கியது. 2017இல் சன் டிவியில் தொடங்கிய 'நந்தினி' தொடருக்கும், இந்தியிலிருந்து மொழிமாற்றமாகி வந்த 'நாகினி'க்கும் வீட்டுக்கு வீடு பார்வையாளர்கள் இருந்தார்கள். ஒரே கூரையின்கீழ் நம்மோடு சாப்பிட்டு, நம்மோடு சிரிக்கும் ஒருத்தி மனுஷியே இல்லை என்ற கற்பனையைத் தமிழ்க் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும், நம்மிடையே மறைந்து வாழும் ஒரு வேற்றுகிரகவாசியைப் பற்றி நினைவில் நிற்கும்படி ஒரு தொலைக்காட்சிப் படம் தமிழில் இல்லை. இது பெரிய குறை. சின்னத்திரையில் சொல்வதற்கென்றே பிறந்தது போன்ற கதை வகை இது. இன்றைய தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகச் சென்னைக்கு, மிகவும் தேவைப்படும் கதையும் இதுதான்.

வாய்ப்பு தூரத்தில் இல்லை. சென்னையில் தொலைக்காட்சி என்றால் கோடம்பாக்கம், சாலிகிராமம் என்றுதான் பலருக்கு நினைவு போகும். ஆனால் ஈக்காட்டுத்தாங்கல் அம்பாள் நகரில் ஜெயா டிவி இருக்கிறது. ஒட்டியுள்ள திரு.வி.க. தொழிற்பேட்டையில் புதிய தலைமுறை இருக்கிறது. 1958இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் லேத் பட்டறைகளின் சத்தம்தான் கேட்கும். இப்போது மென்பொருள் அலுவலகங்களும் செய்தி அறைகளும் அதற்குள் புகுந்துவிட்டன. 2015 ஜூனில் மெட்ரோ ரயில் வந்த பிறகு பகுதியின் முகமே மாறிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு ஈக்காட்டுத்தாங்கல் நிலையத்தின் படிக்கட்டில் நின்று பார்த்தால் தெரியும்: கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள், பின்னால் பை மாட்டிய ஒடிசா, பிகார் தொழிலாளர்கள், ஹாஸ்டலிலிருந்து அவசரமாக வரும் திருநெல்வேலி, சேலம் பெண்கள். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. மறைந்து வாழ நினைக்கும் வேற்றுகிரகவாசி சென்னையில் தேர்ந்தெடுக்கக்கூடிய இடம் இதைவிட வேறு இருக்க முடியாது.

அறிவியல் புனைகதை என்றதும் நம் தயாரிப்பாளர்கள் முதலில் சொல்வது செலவு. அது பாதி உண்மை. ஆர். ரவிக்குமார் இயக்கிய 'அயலான்' 2024 பொங்கலுக்கு வெளியானது. சிவகார்த்திகேயனின் சென்னை நண்பர்களோடு ஒரே வீட்டில் ஒளிந்து வாழும் அந்த வேற்றுகிரகவாசிக்குக் குரல் கொடுத்தவர் சித்தார்த். 4,500க்கும் மேற்பட்ட காட்சித் துண்டுகளில் வரைகலை வேலை இருப்பதாகப் படக்குழுவினர் சொன்னார்கள். படப்பிடிப்பு தொடங்கியதிலிருந்து திரைக்கு வரும்வரை ஆண்டுகள் பல கடந்தன. ஒரு கணினி உருவம் நடிகரின் தோளில் கைபோட்டுப் பேச வேண்டுமென்றால் செலவு அப்படித்தான் ஆகும். குழந்தைகளுக்குப் பிடித்த அந்த உருவத்தை உருவாக்கியவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் சின்னத்திரைக்கு அந்த வழி தேவையே இல்லை.

2014இல் ராஜ்குமார் ஹிரானி எடுத்த 'பிகே'யை நினைத்துப் பார்க்கலாம். ஆமிர் கான் விண்கலத்திலிருந்து ராஜஸ்தான் மணலில் இறங்குகிறார். உருவம் மனித உருவம்தான். வந்த கொஞ்ச நேரத்தில் விண்கலத்தை அழைக்கும் கருவியை ஒருவன் கழுத்திலிருந்து பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அத்தோடு விண்வெளிச் செலவு பெரும்பாலும் முடிந்தது. மிச்சப் படம் முழுக்க ஒரு மனிதன் தெருத்தெருவாகக் கேள்வி கேட்டுக்கொண்டு அலைவதுதான்.

இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் 'ட்விலைட் ஸோன்' தொடரில் 1961 மே மாதம் வந்த ஒரு அத்தியாயம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரு சிற்றுண்டிக் கடைக்குள் நடக்கிறது. பனி கொட்டும் இரவு. அருகே ஏதோ வந்து விழுந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் காலடித் தடம் கடை வரைக்கும் வருகிறது. கடைக்குள் பேருந்துப் பயணிகள் காத்திருக்கிறார்கள். ஓட்டுநர் தான் ஏற்றி வந்தது ஆறு பேர் என்கிறார். எண்ணிப் பார்த்தால் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒருவர் யார்? கணவன் மனைவியையே ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பிக்கிறான். கடைசியில் ஒருவருக்கு மூன்றாவது கை, இன்னொருவருக்கு மூன்றாவது கண். படக்குழுவுக்கு வேறு மாயம் எதுவும் தேவைப்படவில்லை. நம் ஊரில் நெடுஞ்சாலையோர மோட்டலில் நின்றுவிட்ட ஓர் ஆம்னி பஸ் போதும், அந்தக் கதையைத் தமிழில் எடுக்க.

தமிழ் சினிமா இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. 1963 ஏப்ரலில் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் வந்த 'கலை அரசி'யை இந்திய சினிமாவின் முதல் வேற்றுகிரகவாசிப் படம் என்று சொல்வதுண்டு. இசை தெரியாத ஒரு கிரகத்தார் பூமியின் சிறந்த பாடகியைத் தேடி வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காதலனான எம்ஜிஆர் விண்கலம் ஏறிப் போய், அங்கே தன்னைப் போலவே இருக்கும் ஒரு கோமாளியின் இடத்தில் புகுந்துகொள்கிறார். கொஞ்சம் நின்று யோசித்தால் இந்தத் திருப்பத்தின் அழகு புரியும். வேற்றுலகத்தார் நடுவே தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வாழும் அந்நியன் அங்கே தமிழன்தான். அந்தப் படம் வந்து ஏழு மாதம் கழித்துத்தான், 1963 நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. நாடு விண்ணைத் தொடுவதற்கு முன்பே தமிழ்த்திரை போய்விட்டது.

தொலைக்காட்சியும் ஒரு காலத்தில் துணிந்திருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம் நாடகங்களை வாரம் தவறாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தது. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாயைப் பார்க்கவே பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை மூடிவைத்தார்கள். ஜீவா என்ற தலைவரை நாடே வணங்குகிறது. ஆனால் அந்தத் தலைவர் உயிருள்ள மனிதரே அல்ல, வெறும் ஒளிப்பிம்பம். இவ்வளவு கூர்மையான அரசியல் கதையை அரசுத் தொலைக்காட்சியில், எளிய அரங்கங்களை வைத்துக்கொண்டு சொன்னார்கள். அரங்கம் எளிமையாக இருக்கிறதே என்று அன்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கதையின் பிடி அப்படி இருந்தது. பிறகு சன் டிவியில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' வந்தது. ஊரின் நம்பிக்கைகளையும் பயத்தையும் நிதானமாக அவிழ்த்த அந்தத் தொடரை இன்றும் இளைஞர்கள் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு நெடுந்தொடர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டன. 'சந்திரலேகா' 2014இல் தொடங்கி 2022 வரை ஓடி 2,000 அத்தியாயங்களைத் தாண்டியது. நெடுந்தொடர்களால் பல நூறு குடும்பங்கள் பிழைக்கின்றன. அவற்றில் நல்ல நடிகர்களும் நல்ல ஒளிப்பதிவாளர்களும் இருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே அமர்வில் பார்த்து முடித்து, மறுநாள் காலை அலுவலகத்தில் பேசிக்கொள்ளும்படியான ஒன்றரை மணி நேரத் தொலைக்காட்சிப் படம் என்ற வடிவமே தமிழில் காணாமல் போய்விட்டது. வங்கத்தில் அப்படி இல்லை. சத்யஜித் ராய் 1962இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் எழுதிய 'பங்குபாபுர் பந்து' சிறுகதையைக் கௌசிக் சென் 2006இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். ஊரார் ஓயாமல் கேலி செய்யும் ஓர் ஏழை ஆரம்பப்பள்ளி ஆசிரியர். ஒரு நாள் இரவு மூங்கில் காட்டில் இறங்கிய வேற்றுகிரகவாசியோடு சில நிமிடங்கள் பேசுகிறார். உலகத்தில் தான் அவ்வளவு அற்பமானவன் இல்லை என்று அவருக்குப் புரிகிறது. நேராகப் போய், தன்னை ஆண்டுக்கணக்கில் சீண்டியவர்களிடம் மனதில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வருகிறார். தொழில்நுட்பம் இங்கே எங்கே இருக்கிறது? ஒரு மனிதரின் முதுகு நிமிர்வதுதான் கதை.

இந்த வகைக் கதை ஏன் இன்று வேண்டும் என்பதற்கு வருவோம்.

ராட் செர்லிங் என்ற தொலைக்காட்சி எழுத்தாளர், 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் வழக்கை அடிப்படையாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். அடுத்த ஆண்டு அது ஒளிபரப்பானபோது, விளம்பரதாரர்களும் நிறுவனத்தாரும் வெட்டிய வெட்டில் அது எந்த வழக்கைப் பற்றியது என்பதே தெரியாமல் போயிற்று. நேராகப் பேச விடாதவர்களிடம் இனி வேற்றுகிரகவாசிகளை வைத்துப் பேசுவது என்று அவர் முடிவெடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் மேலே சொன்ன 'ட்விலைட் ஸோன்'. 1960 மார்ச்சில் அவர் எழுதிய ஓர் அத்தியாயத்தில், ஒரு தெருவில் திடீரென்று மின்சாரம் போகிறது. ஒரு வீட்டின் கார் மட்டும் தானாக உறுமுகிறது. அண்டை வீட்டார் அந்த வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ராத்திரி தூக்கம் வராமல் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாரே, ஏன்? விடிவதற்குள் தெருவே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சாகத் துணிகிறது. தூரத்துக் குன்றிலிருந்து உண்மையான வேற்றுகிரகவாசிகள் இருவர் அதை வேடிக்கை பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இது கற்பனை இல்லை. 2018 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனது. அத்திமூர் கிராமத்தில் வண்டியை நிறுத்தியபோது, வயதான ஓர் அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள்; உடன் போனவர்கள் படுகாயம் அடைந்தார்கள். தமிழ் பேசும், தமிழ்நாட்டுக் குலதெய்வத்தைத் தேடி வந்த குடும்பம் அது. சந்தேகம் வந்துவிட்டால் மொழியும் சாமியும்கூடக் காப்பாற்றாது. 2023 மார்ச்சில் திசை மாறி அதே நோய் வந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பிகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. தமிழகக் காவல்துறை இந்தியிலும் விளக்கம் சொல்லி, வதந்தி பரப்பியவர்கள்மீது வழக்குப் போட்டது. ஊருக்குப் போகும் ரயில்களில் கூட்டம் அலைமோதியது.

இவற்றைப் பற்றித் தொலைக்காட்சிகளில் விவாதங்கள் நடந்தன. நான்கு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். விவாதம் பார்ப்பவர் ஏற்கெனவே எடுத்துவைத்த பக்கத்திலிருந்து நகர்வதில்லை. கதை நகர்த்தும். காலைத் தேய்த்து நடக்கும் ஒரு பிள்ளையின் பக்கம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவருக்கு, தெருவில் புதிதாக வந்தவரைப் பார்க்கும் கண் கொஞ்சமாவது மாறும். சாதியைப் பெயர் சொல்லிப் பேசவும், மதத்தைப் பெயர் சொல்லிப் பேசவும் தயங்கும் தமிழ்ச் சின்னத்திரைக்கு, செர்லிங் கண்டுபிடித்த வழி அப்படியே திறந்து கிடக்கிறது.

சென்னையில் அந்தக் கதை எங்கே தொடங்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வாடகை வீட்டில் தொடங்கும். கேட்டில் தொங்கும் டூலெட் போர்டைப் பார்த்து மணி அடிக்கிறான் நம் வேற்றுகிரகவாசி. வீட்டுக்காரர் கதவை முழுசாகத் திறக்கமாட்டார். "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்பது முதல் கேள்வி. "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்பது இரண்டாவது. "சொந்த ஊர் எது தம்பி?" என்று மூன்றாவதாகக் கேட்பார். அதற்குச் சொல்லும் பதிலில் திருப்தி வரவில்லையென்றால் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்பார். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போன மனிதர்கள் சென்னையில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! மதம் தெரிந்ததும் "வீடு நேத்தே முடிஞ்சிடுச்சே" என்ற பதிலைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! இந்தக் கேள்விகளுக்கு உண்மையிலேயே பதில் இல்லாத ஓர் உயிர் அந்த வாசலில் நிற்கும்போதுதான், கேள்விகள் எவ்வளவு கொடுமையானவை என்பது பார்வையாளருக்குத் தைக்கும்.

வீட்டுக்காரர் மனது வைத்தாலும் காகிதம் விடாது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து வடமாநில இளைஞர்கள் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, குடிவைப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று மாநகரக் காவல்துறை வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே குடியிருந்த முகவரி என்ன? அடையாளச் சான்று எங்கே? ஆதாருக்குப் போனால் பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழிப் பதிவும் கேட்கும். ரேகையே இல்லாத விரலை அந்தக் கருவியில் வைக்கும் ஒரு காட்சியை மட்டும் யோசித்துப் பாருங்கள். செங்கல் சுமந்தும் துணி துவைத்தும் ரேகை தேய்ந்துபோன பெரியவர்கள் ரேஷன் கடையில் மறுபடி மறுபடி விரலை அழுத்தும்போது முகத்தில் வருமே ஒரு கலவரம், அதே கலவரம்தான் அவன் முகத்திலும் இருக்கும். 1983இலிருந்து கடல் கடந்து வந்து, முகாமுக்கு வெளியே குடியிருந்து, காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் வைத்தே வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தும், தமிழே பேசியும், இங்கேயே பிறந்த பிள்ளைகளைப் படிக்க வைத்தும், காகிதத்தில் அந்நியராகவே இருப்பவர்கள் அவர்கள்.

படத்தின் உச்சக்கட்டத்துக்கும் ஊர் ஓர் இரவை வைத்திருக்கிறது. 2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீரும் வழியெல்லாம் சேர்ந்த மழைநீரும் அடையாற்றில் பாய்ந்தன. ஈக்காட்டுத்தாங்கலில் கரையோரத் தெருக்களில் தரைத்தளம் மூழ்கியது. மின்சாரம் இல்லை, கைப்பேசி எடுக்கவில்லை. மாடி வீட்டில் குடியிருக்கும் நம் ஆளுக்கு மிதக்கத் தெரியும். இத்தனை மாதமாக அவன் யார் கண்ணிலும் படாமல் காலைத் தேய்த்தே நடந்திருக்கிறான். கீழ்வீட்டில் நடக்க முடியாத பாட்டி ஒருத்தி, கழுத்தளவு தண்ணீர். அவன் இறங்கிப் போனால் தெருவே பார்க்கும். போகாவிட்டால் பாட்டி இல்லை. அவன் என்ன செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். படம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, மூன்றாம் நாள் காவலர் ஒருவர் வந்து "இங்க ஒருத்தன் பறந்தானாமே, யார் பார்த்தது?" என்று கேட்கும்போது, வாடகைக்கு வீடு தர அத்தனை கேள்வி கேட்ட வீட்டுக்காரர் என்ன சொல்வார்? இஸ்திரி வண்டிக்காரர் என்ன சொல்வார்? அவனிடம் குலம் கோத்திரம் விசாரித்த எதிர்வீட்டம்மா வாயைத் திறப்பாரா? 2015 வெள்ளத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குப் படகு தள்ளிப் போனார்கள் சென்னை இளைஞர்கள். மசூதியும் கோயிலும் தேவாலயமும் சமைத்துப் போட்டன. அதே ஊர்தான் மூன்று ஆண்டுகளுக்குள் அத்திமூர்ச் செய்தியையும் படித்தது. இந்த இரண்டும் ஒரே மக்களிடம் எப்படி இருக்கின்றன என்று கேட்கும் கதைக்கு ஒரு தெருவும் ஏழெட்டு நல்ல நடிகர்களும் போதும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. இந்தக் கதை வகைக்கு இன்னொரு கிளை உண்டு. நம் நடுவே ஒளிந்திருப்பவன் எதிரி, முகமூடியைக் கிழித்தால் உள்ளே பல்லி இருக்கும் என்பது அந்தக் கிளை. 1983இல் அமெரிக்காவில் ஓடிய 'வி' அப்படிப்பட்டது. மனிதத் தோலுக்குள் ஊர்வன. கென்னத் ஜான்சன் அதைப் பாசிசம் எப்படி ஒரு நாட்டுக்குள் நுழைகிறது என்று காட்டத்தான் எழுதினார். அதிகாரத்தோடு ஒத்துப்போகும் மனிதர்களைத்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அந்தப் பொறுப்பு இல்லாதவர் கையில் அதே கரு கிடைத்தால் விஷமாகிவிடும். புதிதாக வந்தவன்மேல் ஏற்கெனவே சந்தேகம் மண்டிக் கிடக்கும் நேரத்தில், 'அவனுக்குள் வேறு ஏதோ இருக்கிறது' என்று சொல்லும் படத்தைத் தமிழ்த் தொலைக்காட்சி எடுக்கவே கூடாது. ஒளிந்திருப்பவரின் பயத்தைச் சொல்லும் படம்தான் வேண்டும்.

எழுத ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் பத்து நிமிடக் குறும்படங்கள் எடுத்தவர்கள்தான் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன். 'இன்று நேற்று நாளை'யையும் 'அயலா'னையும் எடுத்த ரவிக்குமாரும் அங்கிருந்து வந்தவர்தான். கையில் காசில்லாத இளைஞர்களுக்குத் தொலைக்காட்சி ஒரு மேடை கொடுத்தது. அடுத்த பத்தாண்டுத் தமிழ் சினிமாவே அதில் மாறியது. பத்து நிமிடத்துக்குக் கொடுத்த நம்பிக்கையைத் தொண்ணூறு நிமிடத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. சென்னையின் வரைகலைக் கூடங்களில் உலகப் படங்களுக்கு இரவு பகலாக வேலை செய்யும் தமிழ் இளைஞர்களுக்கும் இதில் இடம் இருக்கும், தேவைப்படும் ஓரிரு காட்சிகளுக்கு.

பொங்கல், சித்திரை முதல் நாள், சுதந்திர தினம், தீபாவளி. ஆண்டுக்கு நான்கு நாள் எல்லாச் சேனல்களிலும் பட்டிமன்றம், நட்சத்திரப் பேட்டி, புதுப்படம் என்று ஒரே வரிசைதான். விளம்பரதாரர்கள் அந்த நாட்களில் தாராளமாகக் கொடுக்கிறார்கள். குடும்பம் மொத்தமும் கூடத்தில் இருக்கிறது. ஒரு பண்டிகைக்கு ஒரு சேனல், ஒரே ஒரு பேட்டியைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஓர் இளம் எழுத்தாளருக்கும் ஓர் இளம் இயக்குநருக்கும் ஆறு மாதம் முன்பே முன்பணம் கொடுக்கட்டும். பொங்கல் நிகழ்ச்சிக்குத் திட்டம் போடும் கூட்டம் ஆடி கழிந்ததும் நடந்துவிடும். கதையை அந்தக் கூட்டத்தின் மேசைமேல் வைக்க வேண்டிய நேரம் அதுதான்.